பணிக்கர் பரம்பரைக்குக் காடு எப்போது அந்நியமானது?

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பின் தேநீர் இடைவேளையில், நம்மிடையே மதிக்கப்படும் நண்பர் ஒருவர் என் ராத்தாவின் மகனைப் பற்றி விசாரித்தார். உயர்தரம் முடித்துவிட்டுத் தென்பகுதியில் வனவிலங்கு வழிகாட்டிப் பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்றேன். "வெள்ளைக்காரனுக்கு ஆனை காட்டுறதுக்கா புள்ளயப் படிப்பிச்சீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி நின்ற கவிஞர்களும் விமர்சகர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று நான் பேசாமல் வந்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கான பதிலை இப்போது எழுதுகிறேன். அது ஒரு பையனின் தொழிலைப் பற்றிய சிரிப்பு மட்டுமல்ல, காட்டைப் பற்றிய நமது அறியாமையின் சிரிப்பு.

முதலில் அந்தப் பயிற்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜீப்பை ஓட்டி, சிறுத்தை தெரிந்ததும் கையை நீட்டுவது அல்ல அது. யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல ஜீப்புகள் முண்டியடிப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் வழிகாட்டல் என்று நினைப்பவர்கள், அந்தக் கூத்துக்கு மாற்று மருந்தே ஒழுங்கான பயிற்சிதான் என்பதை அறிய வேண்டும். இந்தத் தொழிலை நெறிப்படுத்தியவர்களில் முன்னோடிகள் தென்னாபிரிக்கர்கள். அங்கே 1990 முதல் கள வழிகாட்டிகளுக்கென ஒரு சங்கம் இயங்குகிறது. காட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிச் செல்ல விரும்புகிறவர், ஆபத்தான மிருகங்களை நடந்து எதிர்கொண்ட ஒவ்வொரு சந்திப்பையும் குறிப்பேட்டில் பதிந்து காட்ட வேண்டும். நாம் வந்ததும் போனதும் மிருகத்துக்குத் தெரியாமலே முடிகிற சந்திப்பே அவர்களிடம் மிகச் சிறந்த சந்திப்பு. பார்ப்பதைவிடத் தொந்தரவு செய்யாமல் விலகுவதே அங்கு வித்தை.

மருமகனும் அப்படியொரு குறிப்பேடு வைத்திருக்கிறான். சென்ற விடுமுறையில் முள்ளியவளைக்கு வந்தபோது, அயலூர் மாட்டுக்காரப் பெரியவர் ஒருவரோடு காட்டோரம் போய்வந்தான். குளக்கட்டில் பொழுதுபடும் நேரம் ஒற்றை ஆண்யானை ஒன்று வெளிப்பட்டு, காதை விரித்து, தலையை உயர்த்தி, மண்ணை உதைத்து, பிளிறிக்கொண்டு சில அடிகள் முன்னே வந்தது. பையனின் கால் தன்னாலே பின்வாங்கியது. பெரியவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஓடாதை தம்பி. உது வெருட்டுது, கலைக்கேல்லை. வெருட்டு வேறை, கலைப்பு வேறை. காதை ஒடுக்கி, தும்பிக்கையைச் சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால்தான் கலைப்பு." யானை நின்றது, பின் திரும்பிப் போனது. அவனது பாடக் குறிப்பில் ஒரு பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் விளக்கப்பட்டிருந்த விடயம் இது. பெரியவரிடம் அது இரண்டு தமிழ்ச் சொற்களில் இருந்தது.

கரடியும் அப்படித்தான். பாலை பழுக்கும் காலத்தில் அது பழத்துக்காக மரம் ஏறும். தின்னும் மும்முரத்தில் ஆள் வருவதைக் கவனியாது, கிட்ட வந்த பிறகு திடுக்கிட்டுப் பாயும். ஆகவே யானைக்குக் காற்றின் திசை பார்த்து ஓசைப்படாமல் விலக வேண்டும், பாலைக்காட்டிலோ பேசிக்கொண்டும் மரத்தில் தட்டிக்கொண்டும் நடக்க வேண்டும். ஒரே காட்டில் இரண்டு நேரெதிரான ஒழுக்கங்கள். இதை அறியாதவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அந்தக் காட்டில் கல்லாதவர்தான்.

இந்த அறிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது. 2018 ஜூன் 21ஆம் திகதி கிளிநொச்சி அம்பாள்குளத்தில் குடிமனைக்குள் வந்த ஒரு சிறுத்தை, வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பத்துப் பேர் வரையில் காயப்படுத்தியது. சனம் திரண்டு அதனை அடித்தே கொன்றது. கொன்றதைக் காணொளியாக எடுத்துப் பரப்பியது. பிறகு சிலர் கைதானார்கள். கொழும்பிலிருந்து எழுதியவர்கள் வன்னிச் சனத்தைக் காட்டுமிராண்டிகள் என்றார்கள். நம்மவர்களில் சிலர், காயப்பட்ட மனிதரைவிடச் சிறுத்தை பெரிதா என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டு தரப்பும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுண்டு: வளைத்து நிற்கும் கூட்டத்தை விலக்கி, மிருகத்துக்கு ஒரு வழி விடுங்கள் என்று அதட்டிச் சொல்லக்கூடிய, ஊர் மதிக்கும் ஒருவர் ஏன் அங்கே இருக்கவில்லை? போக வழி இருந்தால் சிறுத்தை போகவே பார்க்கும். வழியை அடைத்தால்தான் அது பாயும். வழிகாட்டிப் பயிற்சியில் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் இது. நமது ஊர்களில் இதற்கு ஆளில்லை.

ஆளில்லாமல் போனது எப்படி? 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலில் எமர்சன் டெனன்ட், யானை பிடிக்கும் பணிக்கர்களைப் பற்றி வியந்து எழுதுகிறார். அவர்கள் இந்நாட்டின் வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். காட்டுக்குள் நடந்தே தடம் பற்றிச் சென்று, யானையின் பின்னங்காலில் தோல்வாரால் சுருக்கிட்டவர்கள். அவர்கள் பிடித்த யானைகள் தென்னிந்திய அரசர்களிடம் போயின. அந்தச் சுருக்குக் கயிறு யானைக்குச் செய்த கொடுமையை நான் மறைக்கவில்லை, அது மீண்டும் வேண்டியதுமில்லை. ஆனால் கயிற்றை விட்டபோது கண்ணையும் சேர்த்து விட்டுவிட்டோமே, அதுதான் வருத்தம். மிச்சமிருந்ததை 1990 ஒக்டோபர் முடித்துவைத்தது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தார்கள். எங்கள் வாப்பாமாருக்குப் பாலைப்பழத்தின் பருவம் தெரியும், எங்களுக்கு நிவாரண அட்டையின் நிறம் தெரியும்.

அதற்குப் பின் காடு நமது எழுத்தில் என்னவாக வந்திருக்கிறது? ஒன்றில் யுத்தம், இல்லையேல் உறுதிப்பத்திரம். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதிக்குத் திரும்பிய மக்களைக் காட்டழிப்பாளர்கள் என்று சாடும் வில்பத்து விவகாரம் 2015இல் பெரிதாகக் கிளம்பியது. தாங்கள் வாழ்ந்த காணிகளே 2012ஆம் ஆண்டு வர்த்தமானியால் ஒதுக்கக் காட்டுக்குள் அகப்பட்டுவிட்டன என்பது அம்மக்களின் வாதம். நாமும் உறுதிகளையும் வாக்காளர் இடாப்புகளையும் எடுத்துக் காட்டினோம். அவை தேவைதான். ஆனால் அந்தக் காட்டில் எந்தக் குளத்துக்கு எந்த மாதம் யானை வரும் என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? காட்டை அறிந்தவனை அதன் எதிரி என்று சொல்வது கடினம். நாம் அந்தச் சாட்சியத்தைக் கொண்டுபோகவே இல்லை.

ஆனையிறவு, ஆனைவிழுந்தான், கரடிப்போக்கு, கரடிக்குளி என்று மிருகங்களின் பெயரால் ஊர்களை அழைத்த மண் இது. 1973இல் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு, ஒரு பறவையின் பெயரையே தலைப்பாக்கியது. ஆனையிறவிலிருந்து வில்பத்துக் காடு வழியே ஓர் இராணுவ அதிகாரியையும் ஓர் இயக்கப் பெண்ணையும் நடக்கவைத்து, பறவைகளின் மீதான நேசத்தால் அவர்களைப் பேசவைத்த நாவலை 2003இல் ஆங்கிலத்தில் எழுதியவர் நிஹால் டி சில்வா. 2006இல் அதே வில்பத்துவில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார். காட்டை நேசிக்க அவருக்குக் கூச்சமிருக்கவில்லை. நமக்கு மட்டும் அது கூலிக்காரனின் விடயமாகப் படுகிறது.

"யானை வயலை அழிக்கிறது, ஆளைக் கொல்கிறது, நீங்கள் சுற்றுலா பேசுகிறீர்களே" என்று சிலர் கோபிக்கக்கூடும். கோபம் நியாயமானது. 2023இல் மட்டும் இந்நாட்டில் 480க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன, அதே ஆண்டில் 170க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் இறந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: வெருட்டையும் கலைப்பையும் பிரித்தறியத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருந்தால், அவர் வெள்ளைக்காரனுக்கு யானை காட்டுவதற்கு முன்னர் நம்முடைய பள்ளிப் பிள்ளைகளைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பார்.

பிரதேசசபை முதல் திணைக்களம் வரை நாம் கேட்க வேண்டியது இதுதான். வன்னியின் காட்டோரக் கிராமங்களில் வழிகாட்டிகள் அந்தக் கிராமங்களிலிருந்தே எடுக்கப்பட வேண்டும், தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்தில் குடியிருக்கும் சிங்களவரும் சேர்த்து. தேர்வு தமிழிலும் நடக்க வேண்டும், தாளில் மட்டுமல்லாமல் தரையிலும் நடக்க வேண்டும். 1994இல் லூயி லீபன்பர்க் தென்னாபிரிக்காவில் தொடங்கிய தடம் பார்ப்போர் தேர்வில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தேறலாம். மண்ணிலுள்ள தடத்தைக் காட்டி, இது எது, என்ன செய்தது என்று கேட்பார்கள். அந்த மாட்டுக்காரப் பெரியவர் அத்தகைய தேர்வில் பையனுக்கு ஆசானாக நிற்பார். இன்றைய முறையில் அவருக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது.

எழுத்தாளர்களாகிய நமக்கும் ஒரு வேலை உண்டு. அந்தப் பெரியவர்களின் சொற்களை அவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்பது. இந்த வேலையை எந்தத் திணைக்களமும் செய்யப்போவதில்லை.

நண்பரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆம், அதற்குத்தான் படிப்பித்தோம். யானையைக் காட்டுவதற்கு முதலில் யானையைத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த சந்திப்பை முள்ளியவளையில் வைப்போம். பொழுதுபடும் நேரம் குளக்கட்டுக்குப் போவோம். அங்கே ஓர் யானை எதிரே வந்தால் நீங்களும் நானும் யாருடைய முகத்தைப் பார்ப்போம் என்பதை அப்போது பார்க்கலாம்.