ராங்கு மகாத்மியம்!

ஒரு சிறு தனியார் சர்வகலாசாலை இந்திய சர்க்காரின் தரப்பட்டியலில் ஓர் இடம் பெற்றுவிட்டால் போதும். மறுநாளே பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமும், பஸ் நிலையத்தில் பெரிய பலகையும் தோன்றிவிடுகின்றன. அதைக் கண்ட குடியானவர், "சர்க்காரே சொல்லிவிட்டது" என்று நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றார். "சாஸ்திரத்தில் இருக்கிறது" என்றால் அன்று வாய் மூடிய நம் மக்கள், "ராங்கில் இருக்கிறது" என்றால் இன்று வாய் மூடுகிறார்கள். ஆகவே இந்த ராங்கின் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

இப்பட்டியல் 2016 முதல் வெளிவருகின்றது. 2023 இல் சர்வகலாசாலைகளுக்கு இருந்த கணக்குப்படி மொத்தம் 100 மார்க்கு. போதனைக்கும் அதன் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படித்துத் தேறியவர்களின் நிலைக்கு 20. மீதியில் 10 மார்க்கு, அச்சாலையைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதற்காம்! அதாவது பேரினால் மார்க்கு. மார்க்கினால் மறுபடியும் பேர். கடைசி 10 தான் எல்லோருக்கும் இடமளிப்பதற்கு. அதிலும் வெளி மாகாணத்தார், வெளி தேசத்தாருக்கென்று 3, பெண்களுக்கு 3, அங்கக் குறைவுள்ளோர் வசதிக்கு 2 போக, ஏழைகளுக்கும் சமூகத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் மிஞ்சுவது 2.

ஊரார் பேச்சுக்கு 10; ஒடுக்கப்பட்டவன் பிள்ளைக்கு 2! அப்பிள்ளைகளில் ஒருவரைக்கூடச் சேர்க்காத கல்விச்சாலையும் 98 மார்க்கு வரை வாங்க இடமிருக்கிறதே, இது நியாயமா என்று கேட்கின்றோம்.

போகட்டும், கணக்காவது சரியா? இதற்கான புள்ளிகளில் பெரும்பாகம் அந்தந்தச் சாலையே எழுதிக் கொடுப்பவை. எழுதிக் கொடுப்பதன் லட்சணத்தை அமெரிக்காவில் பாருங்கள். டாக்டர் அம்பேத்கர் படித்த கொலம்பியா சர்வகலாசாலையும் தனியாருடையதே. 2021 இல் அது ஒரு பத்திரிகையின் பட்டியலில் 2 ஆவது ஸ்தானத்தில் இருந்தது. 2022 இல் அங்கேயே கணிதம் போதிக்கும் மைக்கேல் தாடியஸ் என்பவர் கணக்கைச் சரிபார்த்தார். 20 பேருக்குக் குறைந்த வகுப்புகள் 100 க்கு 82 க்கு மேல் என்று எழுதப்பட்டிருந்தது. அவர் கணக்கிலோ 67 ஐத் தாண்டவில்லை. சர்வகலாசாலையும் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டது. அந்த செப்டம்பரிலேயே ஸ்தானம் 18 க்கு இறங்கியது. ஒரு வருஷத்தில் ஆசிரியர்களெல்லாம் மடையர்களாகிவிட்டார்களா? கட்டிடம் இடிந்துவிட்டதா? இல்லை, காகிதத்திலிருந்த எண் மாறிற்று, அவ்வளவே. அதுவும் ஒரு மனிதர் நம்பாமல் எண்ணிப் பார்த்ததால்!

ஒரு சிறு கல்விச்சாலை மெய்யாக உழைத்து முன்னுக்கு வந்தால் நமக்குச் சந்தோஷமே. ஆனால் உழைப்பைக் காட்ட வேண்டிய இடம் வகுப்பறையே அல்லாமல் விளம்பரப் பலகையல்ல.

ஆகையால் தோழர்களே! பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஆசிரியர்கள் எத்தனை பேர்? படிப்பு முடியுமட்டும் மொத்தச் சம்பளம் எவ்வளவு? போன வருஷம் தேறியவர்களில் எத்தனை பேருக்கு வேலை, என்ன ஊதியம்? எந்தெந்த வகுப்பார் பிள்ளைகள் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள்? நேர்மையான பதில் கிடைத்தால் ராங்கில்லாவிட்டாலும் சேருங்கள். கிடைக்காவிட்டால் முதல் ராங்கானாலும் திரும்பி வாருங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை: அந்த 10 ஐயும் 2 ஐயும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போது தெரியும், யார் ராங்கு எங்கே நிற்கிறதென்று!