சுவிஸ் பயணம்: ஒரு சாப்பாடு 2,500 ரூபாயா? செலவை அடக்குவது எப்படி?

சூரிச்சில் சுமாரான ஓர் உணவகத்தில் மதிய சாப்பாட்டுக்கு 25 பிராங்க் ஆவது சாதாரணம். ஒரு பிராங்கின் மதிப்போ 2025-ல் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பில்லையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தூக்கம் போய்விடும்!

ஏன் இவ்வளவு விலை? முதல் காரணம் சம்பளம். ஜெனீவா மாகாணத்தில் 2020-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 23 பிராங்க் என்று நிர்ணயித்தார்கள். தட்டைக் கொண்டுவந்து வைப்பவரின் ஊதியமும் உங்கள் பில்லில்தான் இருக்கிறது. அதோடு வாடகை. இறைச்சி, பால் பொருட்களுக்கு இறக்குமதி வரி வேறு. உள்ளூர்க்காரர்களே எல்லை தாண்டி ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகருக்குப் போய் மளிகை வாங்கி வருகிறார்கள். இதைக் குறைக்க, வரியில்லாமல் கொண்டுவரும் அளவை 300 பிராங்கிலிருந்து 150 ஆக 2025 ஜனவரி 1 முதல் அரசு பாதியாக்கிவிட்டது.

ஆக, ஆள் வைத்துச் செய்யும் எதுவும் அங்கே விலை அதிகம். அலமாரியில் இருந்து நீங்களே எடுத்துக்கொள்வது அவ்வளவு மோசமில்லை. மிக்ரோஸ், கோப், டென்னர், ஆல்டி, லிடில் ஆகியவைதான் சூப்பர் மார்க்கெட்டுகள். மிக்ரோஸில் 'எம்-பட்ஜெட்', கோப்பில் 'பிரிக்ஸ் கரன்ட்டி' என்ற மலிவு பிராண்டுகளைத் தேடுங்கள். பரிசுக்கான சாக்லேட்டையும் இங்கேயே வாங்கிவிடலாம். கடை மூடும் நேரத்தில் சாண்ட்விச், சாலட் மீது தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இரவு சாப்பாட்டுக்கு அது போதும். வரியிலும் வித்தியாசம் உண்டு. கடையில் வாங்கும் உணவுக்கு 2.6%, உட்கார்ந்து சாப்பிட்டால் 8.1%. இரண்டுமே போட்டிருக்கும் விலைக்குள் அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை. சர்வீஸ் கட்டணமும் விலையிலேயே சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கவனம். பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ளவைதான் திறந்திருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. சூரிச்சில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட பொது நீரூற்றுகள் இருக்கின்றன. குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருந்தால் தவிர, தாராளமாகப் பாட்டிலில் பிடிக்கலாம். உணவகத்தில் மட்டும் குழாய்த் தண்ணீருக்கும் பில் போட வாய்ப்புண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் நிறையச் சுற்றுவதாக இருந்தால் பாதிக் கட்டண அட்டை வாங்குவது லாபமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஜெனீவா, பாசல் ஹோட்டல்களில் தங்கினால் உள்ளூர் டிராம், பஸ்ஸுக்கு இலவச அட்டை கிடைக்கும். அதைக் கேட்டு வாங்காமல் டிக்கெட் எடுப்பது வீண்.

கடைசியாக, பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. கார்டைத் தேய்த்ததும் மெஷின் 'ரூபாயா, பிராங்கா?' என்று கேட்கலாம். தெரிந்த பணம்தானே என்று ரூபாயை அழுத்திவிடாதீர்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். பிராங்கைத் தேர்ந்தெடுங்கள். நம் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிட்டு, கட்டணம் குறைவான கார்டை எடுத்துச் செல்லுங்கள்.