ஹார்ட் டிஸ்க்கை நொறுக்கிய அமைச்சர்

ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அது உடனே அழிந்துவிடாது என்பது இந்த இதழைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், ஹார்ட் டிஸ்க்கை அவசரமாக ஃபார்மட் செய்தாலும், மீட்பு மென்பொருள் ஒன்று இருந்தால் பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம். ஒரு தகவல் இனி யார் கையிலும் சிக்கக் கூடாது என்றால் டிஸ்க்கையே நொறுக்கிவிடுவதுதான் நிச்சயமான வழி.

2011 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு அதைத்தான் செய்தது. தேசிய அடையாளப் பதிவேடு இருந்த சுமார் 500 ஹார்ட் டிஸ்க்குகளை அரவை இயந்திரத்துக்குள் போட்டுத் துண்டு துண்டாக்கினார்கள். கடைசி டிஸ்க்குகளைப் போட்டவர் ஓர் அமைச்சர்! குடியேற்றத் துறையைக் கவனித்து வந்த டேமியன் கிரீன்.

ஓர் அரசு தான் சேகரித்த டேட்டாபேஸைத் தானே அழிப்பது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. சேர்க்கத்தான் அரசுகளுக்குத் தெரியும். அப்படியிருக்க இது எப்படி நடந்தது? ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே பக்கம் நின்றதால் நடந்தது. (ஆதார் உங்கள் நினைவுக்கு வரலாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே பிரிட்டன் கதை மட்டும்.)

கார்டு அல்ல, பின்னால் இருந்த பதிவேடு

டோனி பிளேர் பிரதமராக இருந்தபோது, 2006-ல் லேபர் கட்சி அரசு அடையாள அட்டைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அட்டை என்றதும் பர்ஸில் வைக்கும் பிளாஸ்டிக் துண்டுதான் நம் கண்ணில் தெரியும். எதிர்த்தவர்கள் பயந்தது அட்டைக்கு அல்ல, அதற்குப் பின்னால் இருந்த பதிவேட்டுக்கு. பெயர், இப்போதைய முகவரி, பழைய முகவரிகள், கைரேகை எல்லாம் அதில் ஏறும். அது மட்டுமல்ல, உங்கள் பதிவை யாராவது சரிபார்த்தால் அந்தத் தகவலும் உங்கள் பெயரிலேயே சேரும். வங்கியில் காட்டினீர்களா, ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று ஒரு தடம் உருவாகிக்கொண்டே போகும். வீடு மாறியதைத் தெரிவிக்க மறந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் எதிர்த்தன. லேபர் கட்சிக்குள்ளேயே இடதுசாரி எம்.பி.க்கள் சிலர் எதிர்த்தார்கள். காரணங்கள் ஒன்றல்ல. வலதுசாரிகளுக்கு, அரசாங்கம் அளவுக்கு மீறிப் பெருக்கிறது, பணமும் வீண் என்ற கோபம். இடதுசாரிகளுக்கு, தெருவில் நிறுத்தி அட்டையைக் கேட்பது முதலில் கறுப்பர்களையும் ஆசியர்களையும்தான் என்ற கவலை. 2010-ல் ஆட்சி மாறியது. கன்சர்வேட்டிவ்களும் லிபரல் டெமாக்ரட்களும் சேர்ந்து அமைத்த கூட்டணி அரசு முதல் வேலைகளில் ஒன்றாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதற்குள் 30 பவுண்டு கொடுத்து அட்டை வாங்கியிருந்த ஏறக்குறைய 15,000 பேருக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

டேமியன் கிரீனுக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. 2008 நவம்பரில், எதிர்க்கட்சி எம்.பி.யாக இருந்தபோது, உள்துறைத் தகவல்கள் கசிந்தது தொடர்பாகப் போலீஸ் அவரைக் கைது செய்தது. பார்லிமென்ட்டில் இருந்த அவருடைய அலுவலகத்தையே சோதனை போட்டார்கள். கடைசியில் வழக்கு எதுவும் போடப்படவில்லை. ஆனால் கைதானபோது எடுத்த டிஎன்ஏ தகவல்? அன்றைய முறைப்படி, இங்கிலாந்தில் கைதாகிறவர் குற்றவாளி இல்லை என்று ஆனாலும் அது போலீஸ் டேட்டாபேஸில் இருக்கும். அவர் போராடி 2009-ல் தன்னுடையதை நீக்க வைத்தார். எம்.பி.க்கே போராட்டம் என்றால் சாதாரண ஆள் என்ன செய்வது? பிறகு 2012-ல் வந்த சட்டத்தின்படி 17 லட்சத்துக்கும் மேற்பட்ட நிரபராதிகளின் டிஎன்ஏ விவரங்கள் நீக்கப்பட்டன. இதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பும் ஒரு முக்கியக் காரணம்.

"மடியில் கனம் இல்லையே, அப்புறம் என்ன பயம்?"

இந்தப் பேச்சை எடுத்தாலே அலுவலக கேன்டீனில் ஒருவர் இந்தப் பழமொழியைச் சொல்லிவிடுவார். ஒழுங்காக இருப்பவனுக்கு அரசாங்கம் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? கல்லூரியில் படிக்கும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் வேலையில் அந்த எண்ணம் போய்விட்டது.

அது ஒரு சிறிய நிறுவனம். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது, எந்த மெஷின் அதிகமாக இழுக்கிறது என்று பார் என்று பிராக்ஸி சர்வரின் லாக் ஃபைலை என்னிடம் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கும்? மெஷினின் ஐபி எண், நேரம், போன தளத்தின் பெயர், எத்தனை கேபி. அவ்வளவுதான். பார்த்த பக்கத்தின் உள்ளடக்கம் எதுவும் கிடையாது. எக்செல்லில் போட்டு வரிசைப்படுத்தினேன். பத்து நிமிடத்தில் எந்த மெஷின் என்று தெரிந்துவிட்டது. கூடவே, நான் தேடாத ஒன்றும் தெரிந்தது. என் பக்கத்து வரிசையில் இருந்த அண்ணன் ஒருவர் மாலை ஏழு மணிக்கு மேல், எல்லாரும் போன பிறகு, கருத்தரிப்பு சிகிச்சை மையங்களின் தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அல்ல, ஆறு வாரம். நடுவில் ஒரு வாரம் தனிநபர் கடன் கொடுக்கும் தளங்கள். அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவர் மடியில் எந்தக் கனமும் இல்லை, எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் மறுநாள் அவர் "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் பார்க்கவில்லை. லாக் இருந்தது, பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். அந்த ஃபைலை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், யார் திறக்கலாம் என்று அங்கே யாரும் யோசித்ததே இல்லை. டிஸ்க்கில் இடம் இருந்தது, அதனால் இருந்தது.

"நாங்கள் பேச்சைக் கேட்பதில்லை, யார் யாருடன் எப்போது பேசினார்கள் என்ற விவரத்தை மட்டும்தான் வைத்துக்கொள்கிறோம்" என்று எந்த அரசு சொன்னாலும் எனக்கு அந்த எக்செல் ஷீட்தான் ஞாபகம் வருகிறது.

ஒரே நாளில் ஒரு சட்டம்

பிரிட்டன் கதையின் அடுத்த பகுதி இந்த 'மட்டும்தான்' பற்றியது. தொலைபேசி, இன்டர்நெட் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் தொடர்பு விவரங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி இருந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூன்று மாதம் சும்மா இருந்த பிரிட்டிஷ் அரசு, ஜூலை 10-ல் திடீரென்று அவசரச் சட்டம் என்று அறிவித்தது. கேமரூன், கிளெக், மிலிபாண்ட் என்று மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்களும் முன்பே பேசி ஒத்துக்கொண்டிருந்தார்கள். 15-ம் தேதி ஒரே நாளில் மக்களவையில் எல்லாக் கட்டமும் முடிந்தது. ஆதரவு 449, எதிர்ப்பு 33. 17-ம் தேதி ராணியின் ஒப்புதல். நாங்கள் ஒரு பேட்ச் ஃபைலை வெளியிடுவதற்கு இதைவிட அதிக நாள் டெஸ்ட் செய்வோம்!

எதிர்த்த சிலரில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் டேவிஸ். இன்னொருவர் லேபர் கட்சியின் டாம் வாட்சன்.

டேவிஸ் ஏற்கெனவே இதற்காகப் பதவியைத் தூக்கி எறிந்தவர். பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவரைக் குற்றச்சாட்டு இல்லாமல் 42 நாள் வைத்திருக்கலாம் என்ற மசோதா 2008 ஜூன் 11-ல் 315-க்கு 306 என்று நூலிழையில் தேறியது. ஆளும் லேபர் கட்சியின் 36 எம்.பி.க்களே எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாளே, எதிர்க்கட்சியில் உள்துறையைக் கவனித்த டேவிஸ் எம்.பி. பதவியை ராஜினாமா செய்து அதே தொகுதியில் இடைத்தேர்தலில் நின்றார். அடையாள அட்டை, டிஎன்ஏ டேட்டாபேஸ், கேமரா எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினார். லேபர் எம்.பி. பாப் மார்ஷல்-ஆண்ட்ரூஸ் தன் கட்சியை மீறி அவரை ஆதரித்தார். டேவிஸ் ஜெயித்தார். அக்டோபரில் பிரபுக்கள் சபை அந்த 42 நாளைத் தோற்கடித்தது.

அந்த 2008-ல் வாட்சன் எங்கே இருந்தார் தெரியுமா? டேவிஸ் எதிர்த்த அதே அரசில் இளநிலை அமைச்சர்! ஆறு வருடம் கழித்து அவர் எதிர்க்கட்சியில் இருந்தபோது, அவரும் டேவிஸும் கைகோத்து அவசரச் சட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். வழக்கை நடத்த உதவியது லிபர்ட்டி என்ற உரிமை அமைப்பு. 2015 ஜூலை 17-ல், சட்டம் வந்து சரியாக ஒரு வருடத்தில், உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 2016 ஜூலையில் டேவிஸ் அமைச்சரானார், வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். அரசில் இருந்துகொண்டே அரசின் மீது வழக்கு நடத்த முடியாதுதான். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாட்சன் அமைச்சராக இருந்தபோது டேவிஸ் எதிர்த்தார், டேவிஸ் அமைச்சரானபோது வாட்சன் வழக்கைத் தொடர்ந்தார். கட்சி தாண்டிய எதிர்ப்பின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்காலியில் இருப்பவருக்கு உளவு வசதி பிடித்துவிடுகிறது, அல்லது வாயை மூட வேண்டியிருக்கிறது. வெளியே இருப்பவருக்குத்தான், நாளை இந்த சர்வரின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும் என்ற கவலை வருகிறது. இரண்டு கட்சியிலும் ஆள் இருந்தால், எந்த நேரத்திலும் ஒருவராவது வெளியே இருப்பார்.

2016 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும், 2018 ஜனவரியில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வாட்சன் பக்கம் தீர்ப்பளித்தன. ஜெயித்தாயிற்றா? இல்லை. அந்த அவசரச் சட்டத்தின் ஆயுளே 2016 டிசம்பர் 31 வரைதான். அதற்குள் இன்னும் பெரிய சட்டம் ஒன்று வந்துவிட்டது. 444-க்கு 69 என்று மக்களவையில் தேறிய அந்த 2016 சட்டத்தின்படி, நீங்கள் எந்தத் தளத்துக்கு எப்போது போனீர்கள் என்ற விவரத்தை இன்டர்நெட் நிறுவனம் 12 மாதம் வரை வைத்திருக்கும்படி அரசு உத்தரவிடலாம். எந்தப் பக்கம் என்பது இருக்காது, தளத்தின் பெயர் மட்டும்தான். அதாவது, அந்த அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு! தொடர்பு விவரங்களைக் கேட்கலாம் என்ற பட்டியலில் போலீஸ், உளவுத் துறையோடு உணவுத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் இருந்தது. 2018-ல் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, இந்த விவரங்களைக் கேட்டால் பரிசீலித்து அனுமதி தரத் தனி அலுவலகம் ஒன்று அமைத்தார்கள். முன்பு பல இடங்களில் அந்தந்தத் துறையின் அதிகாரியே கையெழுத்துப் போட்டுவிடலாம். இது 33 பேர் ஓட்டிலும் அந்த வழக்குகளிலும் கிடைத்த லாபம். சிறியது என்று நான் சொல்ல மாட்டேன்.

பயங்கரவாதிகளைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பிடிக்கத்தான் வேண்டும். 2005 ஜூலையில் லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வைத்து 52 பேரைக் கொன்றார்கள். ஒருவர் மீது சந்தேகம் என்றால் நீதிபதியிடம் அனுமதி வாங்கி அவரைக் கண்காணியுங்கள். எல்லாருடைய லாக்கையும் ஒரு வருடம் சேர்த்து வைத்துவிட்டு, அப்புறம் யார் மீது சந்தேகப்படலாம் என்று தேடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இதை எழுதுகிறவன் டேட்டாபேஸ் வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறவன். எந்த டேபிளை உருவாக்கினாலும் எப்போது அழிப்பது, யார் பார்க்கலாம், பார்த்தவர் யார் என்று மூன்று விஷயத்தை முதல் நாளே எழுதி வைக்கச் சொல்கிறேன். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் அது சேராது.

ஒரு விஷயம் பாக்கி. அந்த 500 ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்தது பிரிட்டனில் குடிமக்களுக்கான திட்டத்தின் பதிவேடு. வெளிநாட்டவருக்கான அட்டை வேறு சட்டத்தின்கீழ் 2008 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. முதலில் மாணவர்களுக்கும், கணவன் அல்லது மனைவி விசாவில் இருந்தவர்களுக்கும். அதை யாரும் நொறுக்கவில்லை. எல்லாக் கட்சியும் சேர்ந்து நடத்திய போராட்டம், குடிமக்களோடு நின்றுவிட்டது.

என் பெரியப்பா மகள், எனக்குப் பதினோரு வயது மூத்த அக்கா, 2009-ல் அங்கே மேற்படிப்புக்குப் போனார். அடுத்த வருடம் விசாவை நீட்டித்தபோது கைரேகை எடுத்து அந்தக் கார்டைக் கொடுத்தார்கள். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார், அதனால் கார்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. கடைசிக் கார்டில் 2024 டிசம்பர் 31 வரை என்று அச்சடித்திருந்தது. அதோடு கார்டு முறையே போய், எல்லாம் ஆன்லைன் கணக்காகிவிட்டது. இப்போது வாடகைக்கு வீடு பார்த்தால் இணையதளத்தில் நுழைந்து ஒரு ஷேர் கோடு எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். போன பொங்கலுக்குப் பேசும்போது, "கார்டு இருந்தப்ப அதைக் காட்டிட்டு திரும்ப வாங்கி உள்ள வைச்சுக்கலாம்டா" என்றார். காலாவதியான அந்தக் கார்டை அவர் தூக்கிப் போடவில்லை. மேசை டிராயரில் பழைய செக் புத்தகங்களோடு வைத்திருக்கிறார்.