அலுவலகம் போகாத நாயகிகள்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், இரமணாசிரமத்தை ஒட்டிய கடைகளில் 'நான் யார்?' என்னும் சிறு நூல் பல மொழிகளில் கிடைக்கிறது. வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் இரமணரிடம் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த நூல் அது. அதே சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் பெண்களின் கைப்பையில் இருப்பதோ வேறொரு நூல். படித்துப் பட்டம் பெற்று உயர்ந்த பதவியில் அமர்ந்த நாயகிக்குக் காதல் கிடைக்கும் குடும்ப நாவல். முன்பு வாடகை நூலகத்தில் எடுத்தார்கள். இன்று கைப்பேசியிலும் தொடர்கதையாகப் படிக்கிறார்கள்.

இவற்றை 'அடுப்படி இலக்கியம்' என்று எள்ளி நகையாடும் ஆண்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுதும் உழைத்த பெண் அரைமணி நேரம் கதை படித்தால் குடி முழுகிவிடாது. துப்பறியும் மாத நாவல்களைத் தலையணைக்கடியில் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கேலி பேச என்ன தகுதி? ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களால் இலட்சக்கணக்கான பெண்களை வாசகராக்கினார் என்பதை மறுக்க இயலாது.

என் வழக்கு வேறு. அந்த வழியில் இன்று வந்து குவியும் கதைகளில் நாயகி மருத்துவர் என்றோ மேலாளர் என்றோ முதல் அத்தியாயத்தில் அறிகிறோம். அதன்பின் அந்த உத்தியோகம் எங்கே போயிற்று? அவளிடம் எந்த நோயாளியும் இறப்பதில்லை. கணக்கு உதைப்பதில்லை. விடுப்பு மறுக்கப்படுவதில்லை. மணப்பெண்ணின் கழுத்துச் சங்கிலி போல வேலையும் ஓர் அணிகலன், அவ்வளவே. பிறகு நாயகன் வருகிறான். அவன் எப்போதும் அவளைவிட ஒருபடி மேல்; பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிமையாளன். அவளைச் சந்தேகிக்கிறான், பலர் முன்னிலையில் இழிவுபடுத்துகிறான். கடைசி அத்தியாயத்தில், அத்தனையும் காதலால் விளைந்த கோபம் என்று ஒரே வரியில் தீர்ப்பாகிவிடுகிறது. அவளும் அழுதுகொண்டே மன்னிக்கிறாள். இதற்குக் காதல் என்று பெயர் சூட்டலாமா?

'கதைதானே சாமி, விட்டுவிடுங்கள்' என்பார்கள். விட்டிருப்பேன். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் திருமண ஓலை எழுத வந்தார். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) செவிலியர், தம்பியின் கல்லூரிக் கட்டணம் அவர் சம்பளத்தில்தான். நிச்சயிக்கப்பட்டவர் வேலையை விடச் சொல்கிறார், கைப்பேசியை வாங்கிப் பார்க்கிறார், சுடுசொல் பேசுகிறார். "உனக்குச் சம்மதமாம்மா?" என்றேன். "இப்போ கோபமாத்தான் இருப்பார் சாமி. உள்ளுக்குள்ள பாசம் இருக்கு. கல்யாணத்துக்கப்புறம் மாறிடுவார்" என்றார். எங்கேயோ படித்த வாசகம் போல இருந்தது. திருமணத்திற்கு முழுச் சுதந்திரத்தோடு கூடிய சம்மதம் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவமதிப்பை அன்பின் முன்னுரையாகக் கற்றுக்கொண்ட ஒருவர் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது?

வேறு விதமாக எழுத முடியாதா? முடிந்திருக்கிறதே! 1974இல் வந்த பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' திரைப்படத்தில் கவிதாவின் சம்பளம் யார் யார் வயிற்றுக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியும். அவளுடைய காதலுக்குக் குறுக்கே நிற்பதும் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீடுதான். எழுத்தாளர் லட்சுமி என்னும் திரிபுரசுந்தரியோ தாமே மருத்துவர். படிக்கும் காலத்தில் ஆனந்த விகடனில் கதை எழுதிக் கிடைத்த வருவாய் அவர் கல்விக்குக் கைகொடுத்தது. 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். தம் உழைப்பால் மருத்துவப் பட்டம் பெற்றவரே வெகுமக்கள் இதழ்களில் குடும்பக் கதை எழுதிய மண் இது. அங்கே இன்று நாயகியின் பட்டம் வெறும் பெயர்ப்பலகையாகிவிட்டதே என்பதுதான் என் ஆற்றாமை.

எழுதுவோரே, உங்கள் நாயகி காதலிக்கட்டும்; மனம் நிறையக் காதலிக்கட்டும். இரவுப் பணி முடிந்து கால் வீங்கி வீடு திரும்புகிறவளுக்கு ஒரு குவளை வெந்நீர் வைத்துக் கொடுக்கும் ஆணை ஒரே ஒரு கதையிலாவது நாயகனாக்குங்கள். அவன் செல்வந்தனாக இருந்தே ஆகவேண்டுமா?

அந்தச் செவிலியர் திருமண நாளைத் தள்ளிவைத்திருக்கிறார், வேலையை விடவில்லை. நாவல் படிப்பதையும் விடவில்லை. "படிக்காமலே திட்டாதீங்க சாமி" என்று போன மாதம் ஒன்றைக் கொடுத்துப் போனார். நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். கதாநாயகி இன்னும் அலுவலகம் போகவில்லை.