கொடையும் உரிமையும்

படை என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறும் மக்கள் நாம். சீருடைக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தவர்களுக்குப் படைவீரர் குடும்பங்களைப் பற்றிய பேச்சு எதற்கு என வாசகர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. பிரித்தானியாவில் அகதி அந்தஸ்துப் பெற்ற எம் குடும்பங்கள் பிள்ளைகளுக்காகப் பெறும் சிறுவர் கொடுப்பனவின் வேர்களுள் ஒன்று, கணவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு அடுப்பெரிக்க வழியின்றி நின்ற பெண்களின் கண்ணீரில் இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுப் படைவீரன் மணம் முடிப்பதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி சிலருக்கே கிட்டும். அனுமதியின்றி மணந்தவனின் மனைவி படையின் ஏட்டில் இல்லாதவள். அவளுக்கு வதிவிடமும் இல்லை, படியும் இல்லை. கப்பல் புறப்பட்டதும் அவள் தெருவில் நின்றாள். 1885ஆம் ஆண்டு எகிப்துக்குப் படைகள் சென்றபோது, ஜேம்ஸ் கில்டியா என்னும் அதிகாரி 'ரைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதி, வீரர்களின் மனைவி மக்களைக் கவனிக்கப் பணமும் தொண்டர்களும் வேண்டுமெனக் கேட்டார். அக்கடிதத்திலிருந்து பிறந்ததே இன்று 'சாஃபா' என அறியப்படும் தொண்டு நிறுவனம்.

1914 ஆகஸ்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. ஆயிரமாயிரமாக ஆண்கள் படையிற் சேர்ந்தனர். அவர்களின் குடும்பங்களுக்குரிய படியை உரிய காலத்தில் வழங்க அரச அலுவலகங்களால் இயலவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தொண்டர்களே. வீடு வீடாகச் சென்று விபரம் திரட்டினர்; பத்திரங்களை நிரப்பிக் கொடுத்தனர்; அரசின் பணம் வரும்வரை முற்பணம் அளித்தனர். லிவர்பூல் நகரில் இப்பணியை முன்னின்று நடத்தியவர் எலினர் ராத்போன் அம்மையார்.

ஆயின் இத்தொண்டுக்கு மற்றொரு முகமும் இருந்தது. உதவி செய்ய வந்தவர் சிலவேளை உளவு பார்ப்பவராகவும் மாறினார். குடிக்கிறாளா, ஒழுக்கம் தவறினாளா என்றெல்லாம் விசாரணை நடந்தது. மனைவியரைக் கண்காணிக்குமாறு 1914இல் அரசே பொலிசாருக்கு அறிவுறுத்தியது. 'தகுதியற்றவள்' எனக் கருதப்பட்டவளின் படி நிறுத்தப்படலாம். கணவன் உயிரைப் பணயம் வைத்து நிற்க, அவன் மனைவி அயலாரின் நாவுக்கு அஞ்சி வாழ வேண்டியிருந்தது.

லிவர்பூல் வீடுகளிற் கண்டவற்றிலிருந்து ராத்போன் அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைகளின் தொகைக்கேற்ற பணம் ஒழுங்காகத் தாயின் கையிற் சேருமானால், குடும்பம் தழைக்கும். போர்க்காலத்தில் வீரனின் மனைவிக்குக் கிடைப்பது அமைதிக் காலத்தில் ஏனைய தாய்மாருக்கும் ஏன் கிடைக்கக்கூடாது? 1924இல் இதனை நூலாக எழுதினார். நாடாளுமன்றத்துக்குள்ளும் வெளியிலும் சலியாது வாதாடினார். 1945இல் குடும்பப்படிச் சட்டம் நிறைவேறியது. பணத்தைத் தந்தைக்கே வழங்க அரசு முதலில் எண்ணியது. அவ்வாறாயின் தாம் எதிர்த்து வாக்களிப்பதாக அவர் எச்சரித்தார். தாய்க்கே என மாற்றப்பட்டது. 1946 ஆகஸ்டில் முதற் கொடுப்பனவு வழங்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். அப்படியின் இடத்தை 1977இலிருந்து சிறுவர் கொடுப்பனவு எடுத்துக்கொண்டது.

இதே அம்மையார்தாம் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த அகதிகளுக்காகவும் நாடாளுமன்றத்தில் ஓயாது குரல் கொடுத்தவர். அகதிகள் 1940இல் 'எதிரி நாட்டவர்' என முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டபோது, லிவர்பூலுக்கு அருகிலிருந்த ஹைற்றன் முகாமுக்கு நேரிற் சென்று பார்த்தார். கணவனைப் பிரிந்த பெண்ணின் துயரமும் நாட்டைப் பிரிந்தவனின் துயரமும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை.

இதில் எமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. எம்மிடையேயும் தொண்டர்கள் இருக்கின்றனர். புதிதாக வந்தவருக்குப் பத்திரம் நிரப்புகின்றனர்; வைத்தியரிடம் மொழிபெயர்க்கின்றனர்; கணவன் ஒரு நாட்டிலும் தான் ஒரு நாட்டிலுமாக வாழும் பெண்ணுக்குத் துணை நிற்கின்றனர். இந்தக் கைகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் உதவி கேட்டு வந்தவளிடம் எந்த ஊர், யாருடைய ஆள், கணவன் ஏன் கூட இல்லை என்று துருவிக் கேட்பது தொண்டாகாது. அவள் சொன்னதை வேறொரு வீட்டுத் தேநீர்க் கோப்பைக்கு மேலே பேசுவது அதனிலும் கொடிது. 1914இன் தவறை நாம் தமிழில் மீண்டும் செய்யலாகாது.

இரண்டாவது பாடம், தொண்டு தீபோன்ற அவசரத்துக்கு ஓடி வரும். உரிமையோ நாள்தோறும் நிலைத்து நிற்கும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. புகலிடக் கோரிக்கை ஏற்கப்பட்ட பின்னரும் தமக்குரிய கொடுப்பனவைக் கேட்கக் கூச்சப்படும் தாய்மார் எம்மிடையே உள்ளனர். இரந்து நிற்பதாக எண்ணுகின்றனர். தாய்மாரே, அது பிச்சையன்று. உங்களைப் போலவே கதவோரம் காத்திருந்த பெண்களின் பெயரால் போராடிப் பெறப்பட்ட உரிமை. தலை நிமிர்ந்து கேளுங்கள். பத்திரம் நிரப்பத் தெரிந்தவர்கள் அருகில் அமர்ந்து எழுதிக் கொடுங்கள். வேறெதையும் கேளாதீர்கள்.