கொழுந்து வாடும் இரவில்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டங்களில் மாலை நிறுவை முடிந்ததும் தேயிலைக் கொழுந்து ஆலைக்குப் போய், காற்றோடும் நீண்ட தொட்டிகளில் பரப்பப்படுகிறது. செடியை விட்டுப் பிரிந்தது செத்ததுதானே என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. பறித்த இலையின் கலங்கள் பல மணி நேரம் உயிரோடிருக்கின்றன. வேரிலிருந்து ஒன்றும் வாராதபடியால், தம்மிடமுள்ள புரதங்களையே உடைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. நாம் விரும்பும் தேநீரின் மணத்திலும் சுவையிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

உடைப்பவை நொதியங்கள். வாடும் இலையில் பலவகை நொதியங்கள் உள. அவற்றுள் தேயிலைக்கும் நமக்கும் பொதுவான பெரியதொன்றின் பெயர் புரொட்டியசோம். அதன் நடுப்பகுதி பீப்பாய் போன்றது. ஏழேழு துண்டுகளாலான 4 வளையங்கள். ஆக 28 துண்டுகள். வெட்டும் இடமோ பீப்பாயின் உள்ளே மறைந்திருக்கிறது. கத்தி வெளியே கிடந்தால் கலத்தில் நல்ல புரதமும் மிஞ்சாதன்றோ!

வாயிலில் ஒரு மூடி காவலிருக்கிறது. பெரும்பாலும் சீட்டுப் பெற்ற புரதமே உட்செல்லலாம். அச்சீட்டும் ஒரு சிறு புரதமே. 76 அமினோ அமிலங்களாலான யூபிகுவிட்டின். அது சங்கிலியாக ஒட்டப்பட்டதும் மூடி இனங்கண்டு, சீட்டைக் கழற்றிவிட்டு, புரதத்தின் மடிப்பைப் பிரித்து நூல்போல உள்ளிழுக்கிறது. கழன்ற சீட்டு மறுபடியும் உதவும்; கணக்கப்பிள்ளை கூட இவ்வளவு சிக்கனமாய் இரார்.

இவ்வேலைக்குச் சக்தி செலவாகிறது. உடைப்பதற்கும் செலவா என்று வியந்து ஆராய்ந்து, இந்தச் சீட்டு முறையைக் கண்டறிந்த சிக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பழுதான புரதத்தை அகற்றுவதோடு இவ்வேலை நின்றுவிடுவதில்லை. உணவு குறைந்தால் உடல் தன் தசைப் புரதங்களுக்கே சீட்டு ஒட்டத் தொடங்குகிறது. பட்டினி கிடந்த எலிகளின் தசையில் சீட்டொட்டும் நொதியங்கள் பெருகுவதை 2001இல் ஆய்வாளர் கண்டனர். ஒருவேளை தப்பினாற் பெருங்கேடில்லை, நாள்தோறும் தப்பினால்?

பெரட்டுக்கு நேரமாயிற்றென்று வெறும் தேநீரோடு மலையேறும் தாய்மாரை நினைத்தே இதனை எழுதினோம். இன்றிரவு லயத்தில் பருப்பும் நெத்தலிக் கருவாடும் பங்கிடும்போது, வழக்கமாய்க் கடைசியில் உண்ணும் அம்மாவுக்கு முதலில் எடுத்து வைக்கும்படி இதை வாசிக்கும் மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.