சிவப்பு மணிக்கு யார் பொறுப்பு?

சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் இது அப்ரைசல் காலம். இந்த வாரம் எனக்கு எரிச்சல் மூட்டியது ஊதிய உயர்வின் அளவு அல்ல. “நான் உனக்கு நாலுதான் போட்டேன், நார்மலைசேஷனில் மூணாகிவிட்டது” என்று மேனேஜர்கள் கைவிரிக்கும் அந்தப் பழகிய நாடகம்தான். ஒவ்வொரு டீமிலும் இத்தனை சதவீதம் பேர்தான் சிறந்தவர்கள், இத்தனை பேர் கடைசியில் நின்றே ஆகவேண்டும் என்பது வேலையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டால், பிறகு சுயமதிப்பீட்டுப் படிவத்தில் பக்கம் பக்கமாக எழுத வைப்பது எதற்கு? இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டெமிங்தான் ஞாபகம் வருகிறார். மறுபடியும் டெமிங்கா என்று பழைய வாசகர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

அமெரிக்கத் தர மேலாண்மை நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் 1986இல் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் தி கிரைசிஸ்’ நூலில் நிர்வாகத்தின் கொடிய நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஆண்டுதோறும் ஆட்களுக்கு மதிப்பெண் போடுவது அதில் ஒன்று. இதை விளக்கக் கருத்தரங்குகளில் அவர் ஒரு விளையாட்டு நடத்துவார். பெட்டி நிறைய பாசிமணிகள். ஐந்தில் ஒன்று சிவப்பு, மற்றவை வெள்ளை. சிவப்பு என்றால் பழுது. பார்வையாளர்களில் 6 பேர் தொழிலாளிகள். 50 குழி கொண்ட பலகையைப் பெட்டிக்குள் விட்டு மணிகளை அள்ள வேண்டும். மேஸ்திரி வேஷம் டெமிங்குக்கே. சிவப்பு குறைந்தவருக்குப் பாராட்டு, கூடியவருக்கு வசவு. அடுத்த முறை பாராட்டு வாங்கியவர் சறுக்கினால் தலைக்கனம் என்பார். வசவு வாங்கியவர் தேறினால் கண்டித்ததன் பலன் என்பார். கடைசியில் மோசமான மூவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய ‘சிறந்த’ மூவரிடம் இரண்டு ஷிஃப்ட் வேலை வாங்குவார். அப்போதும் சிவப்பு 10ஐச் சுற்றியே நிற்கும். பெட்டி அப்படி; அதை நிரப்பியவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மணி அள்ளுவது தற்செயல், கோடு எழுதுவது திறமை, இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். திறமை வேறுபடும்தான். ஆனால் எந்த புராஜெக்டில் போடுகிறார்கள், யார் எழுதிவிட்டுப் போன பழைய கோடு தலையில் விழுகிறது, ராஜினாமா செய்த இருவருக்குப் பதில் ஆள் வந்தார்களா, கிளையன்ட் கடைசி வாரத்தில் எதை மாற்றினார் என்பதெல்லாம் ஊழியர் தேர்ந்தெடுப்பவை அல்ல. அப்படியானால் சோம்பேறியே கிடையாதா? உண்டு. டெமிங்கும் மறுக்கவில்லை. கணக்குப்படி அந்தப் பலகையில் 3 சிவப்பு வந்தாலும் 17 வந்தாலும் தற்செயலுக்குள் அடங்கும். அந்த எல்லையைத் தாண்டியவரைத் தனியே கவனி என்பது அவர் வாதம். எல்லைக்குள் இருப்பவர்களை வரிசைப்படுத்தினால், பெட்டியின் குறை ஊழியரின் பெயரில் எழுதப்படும்.

வரிசைப்படுத்தினால் போட்டி வளரும், வேலை நடக்கும் என்பது அடுத்த வாதம். மைக்ரோசாஃப்டில் அதைச் செய்து பார்த்தார்கள். எல்லோரும் கெட்டிக்காரர்களாக உள்ள டீமிலும் ஒருவர் கடைசியாக வேண்டும் என்றதால், கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரரோடு ஒரே டீமில் சேரத் தயங்கினார்கள் என்று 2012இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் கர்ட் ஐகன்வால்ட் எழுதினார். வெளியே இருக்கும் போட்டியாளரை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியோடு மல்லுக்கட்டினார்கள். 2013 நவம்பரில் கம்பெனியே அந்த முறையைக் கைவிட்டது.

டெமிங் நமக்கு அந்நியரும் அல்லர். அவர் பெயரில் ஜப்பான் தரும் பரிசை 1998இல் இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. பிரேக்கில் பழுது வந்தால் செய்முறையைப் பார் என்ற பாடம் அதே ஊரின் ஓ.எம்.ஆருக்கு மட்டும் ஏன் எட்டவில்லை? பட்ஜெட் ஒன்றுதானே, எல்லோருக்கும் எப்படிக் கொடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பணம் இல்லையென்றால் அதை நேராகச் சொல்லட்டும். கேட்பவருக்கு வருத்தம் வரும், அவமானம் வராது. நிர்வாகத்தின் கையிருப்புக் குறைவை ஊழியரின் திறமைக் குறைவாக எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் ஆளைக் கசப்போடு ராஜினாமா எழுத வைக்கிறது.